திண்டிவனத்து இரவும் புலம்பல் நூலும்



இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவில் உள்ளத்தைப் புதுப்பித்தல் என்ற பொருளில் பேசவேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். இந்தப் பொருளுக்கென்று நாம் வழக்கமாக எடுக்கும் வேதப்பகுதிகள் உண்டு: பெந்தெகொஸ்தே நாளின் அக்கினி நாவுகள், எசேக்கியேல் கண்ட உலர்ந்த எலும்புகள், வீடு திரும்பிய இளைய குமாரன். நான் புலம்பல் நூலை எடுத்திருக்கிறேன். நான் இறையியல் கல்லூரியில் பயின்றவன் அல்லன். தமிழ் படித்து, தமிழ் கற்பித்து ஓய்வுபெற்றவன். வேதாகமத்தை இலக்கியமாகவும் ஜெபப் புத்தகமாகவும் ஒருசேரப் படிக்கிறவன். அப்படிப் படித்ததில் எனக்கு உறுதிப்பட்ட ஒன்றைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன். அழவேண்டிய இடத்தைத் தாண்டிக் குதித்துவிட்டு எந்த உள்ளமும் புதிதாவதில்லை.

புலம்பல் சிறிய நூல். ஐந்து அதிகாரம், 154 வசனம். ஒரே அமர்வில் வாய்விட்டுப் படித்து முடித்துவிடலாம். கி.மு. 587ஐ ஒட்டி நேபுகாத்நேச்சாரின் படை எருசலேமை முற்றுகையிட்டு, மதிலை இடித்து, ஆலயத்தைக் கொளுத்தி, மக்களைப் பாபிலோனுக்கு ஓட்டிச்சென்றது. இடிபாட்டுக்குள் மிஞ்சியவர்களின் குரல் இது. எரேமியா பாடியது என்பது மரபு; நூலுக்குள் ஆசிரியர் பெயர் இல்லை. இந்த நூலில் நம் வீடுகளுக்கு நன்றாகத் தெரிந்தவை மூன்றாம் அதிகாரத்தின் 22, 23 வசனங்கள். இறைவனின் இரக்கம் தீர்ந்துபோவதில்லை, விடியும்தோறும் அது புதிதாக வருகிறது என்னும் பொருளுடையவை. புத்தாண்டு ஆராதனையில் எடுக்கும் வாக்குத்தத்த அட்டையிலும், சுவரில் தொங்கும் நாள்காட்டியிலும் அவற்றைப் பார்க்கிறோம். அந்த இரண்டு வசனங்களுக்கு முன்னால் 65 வசனங்கள் நிற்கின்றன, பின்னால் 87. நம்பிக்கை பேசும் அந்தச் சிறு பகுதி முடிந்ததும் நூல் மறுபடியும் அழுகைக்கே போகிறது. நாம் அந்த அழுகையை விட்டுவிட்டு விடியலை மட்டும் கத்தரித்து எடுத்துக்கொண்டோம்.

திண்டிவனத்தில் நின்று இதைப் பேசுவதற்குத் தனிக் காரணம் இருக்கிறது. இந்த ஊரின் ஓர் இரவையும் நாம் இப்படித்தான் கத்தரித்து வைத்திருக்கிறோம்.

அமெரிக்க ஆற்காடு மிஷன் 1853இல் ஸ்கடர் சகோதரர்களால் தொடங்கப்பட்டது. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த மருத்துவர் இரண்டாம் ஜான் ஸ்கடரின் மகள் ஐடா, 1870 டிசம்பர் 9ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்தவர். குழந்தையாக இருந்தபோது தாது வருஷப் பஞ்சத்தைக் கண்ணால் கண்டவர். ஆற்காட்டுச் சீமை முழுவதையும் 1876 முதல் 1878 வரை வாட்டிய பஞ்சம் அது; பட்டினியில் துவண்ட பிள்ளைகளுக்கு ரொட்டியைப் பிட்டுக் கொடுத்த கைகளில் இந்தச் சிறுமியின் கையும் ஒன்று. பிறகு அமெரிக்கா போனார். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மூடி என்ற சுவிசேஷகர் நடத்திய நார்த்ஃபீல்டு பள்ளியில் படித்தார். தாய் சோபியாவுக்கு உடம்பு சரியில்லை என்ற செய்தி வந்து, 1890களின் தொடக்கத்தில் திண்டிவனம் வந்து சேர்ந்தார். தங்கிவிடும் எண்ணம் அவருக்கு இல்லை. தாய் தேறியதும் திரும்பிப் போய்விடவேண்டும். குடும்பத்தில் எல்லோரும் மிஷனெரிகளானது போதும். இதுதான் அந்த இளம்பெண்ணின் முடிவு.

ஒரு நாள் இரவு பங்களா வாசலில் ஒரு பிராமண இளைஞர் வந்து நின்றார். சிறு வயது மனைவி, பிரசவம் சிக்கலாகிவிட்டது, நீங்கள் வந்து காப்பாற்றவேண்டும் என்றார். நான் மருத்துவரல்ல, என் தந்தைதான் மருத்துவர், அவரை அழைத்து வருகிறேன் என்றார் ஐடா. அந்நிய ஆண் என் மனைவியைத் தொடுவதா, அதைவிட அவள் சாவதே மேல் என்று சொல்லிவிட்டு அந்த இளைஞர் போய்விட்டார். அதே இரவில் ஒரு முஸ்லிமும், மற்றுமோர் இந்துக் குடும்பத்தவரும் அடுத்தடுத்து வந்தார்கள். அதே துயரம், அதே வேண்டுகோள், அதே மறுப்பு. ஐடா அந்த இரவு உறங்கவில்லை. விடிந்ததும் ஊருக்குள்ளிருந்து சாவு மேளம் கேட்டது. வேலையாளை அனுப்பி விசாரித்தார். மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நெடுநேரம் கழித்து வெளியே வந்து, அமெரிக்கா போய் மருத்துவம் படித்துத் திரும்பி வரப்போகிறேன் என்று பெற்றோரிடம் சொன்னார்.

இதை நீங்கள் எத்தனையோ முறை கேட்டிருப்பீர்கள். ஞாயிறு பள்ளியில், மிஷனெரி ஞாயிறு பிரசங்கத்தில், பள்ளி ஆண்டு விழா நாடகத்தில். கதவு மூன்று முறை தட்டப்படுகிறது, அடுத்த காட்சியில் ஐடா உருவாக்கிய வேலூர் மருத்துவமனை எழுந்து நிற்கிறது. இடையில் செத்துப்போன மூன்று பெண்களும் கதையை நகர்த்தும் படிக்கட்டுகளாகி விடுகிறார்கள். நாம் படிக்கும் வரலாறுகளில் அவர்களுக்குப் பெயரில்லை. ஐடாவை நினைவுகூரும் இந்த வட்டாரத்தில் அவர்களுக்காக யாரும் ஒரு ஜெபம் செய்து நான் கேட்டதில்லை. அந்தக் கதையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது, சாத்திய கதவுக்குப் பின்னால் கழிந்த நேரம். அங்கே என்ன நடந்திருக்கும் என்பதைப் புரிந்துகொள்ளப் புலம்பல் நூல் உதவுகிறது.

முதல் அதிகாரத்தில் ஒருவர் பேசத் தொடங்குகிறார். விதவையைப்போலத் தனித்திருக்கும் நகரத்தைத் தூரத்தில் நின்று பார்க்கிறார். நேற்று எப்படி இருந்தாள், இன்று எப்படி ஆனாள் என்று விவரிக்கிறார். அவள் பாவம்தான் காரணம் என்று தீர்ப்பும் சொல்லிவிடுகிறார். பேச்சின் நடுவே அந்தப் பெண், சீயோன் மகள், குறுக்கிடுகிறாள். வழிப்போக்கர்களை நிறுத்தித் தன் வலிக்கு இணையான வலி எங்காவது உண்டா என்று கேட்கிறாள். அவளைத் தேற்ற ஆளில்லை என்ற செய்தி அந்த ஓர் அதிகாரத்தில் மட்டும் ஐந்து முறை வருகிறது. இரண்டாம் அதிகாரத்தில் அந்த விவரிப்பாளருக்கு ஏதோ நேர்கிறது. பசியில் தெருவோரம் சுருண்டு விழும் குழந்தைகளைப் பார்க்கிறார். தானியம் கேட்டபடியே தாய்மடியில் உயிர்விடும் பிள்ளைகளைப் பார்க்கிறார். அழுதழுது அவர் கண் மங்குகிறது, வயிறு கலங்குகிறது. அதுவரை அவளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர், அங்கிருந்து அவளோடு பேசத் தொடங்குகிறார். அவள் காயத்துக்குக் கடல்தான் ஈடு என்கிறார். இரவில் எழுந்து உன் பிள்ளைகளின் உயிருக்காக ஆண்டவரிடம் உள்ளத்தைக் கொட்டிவிடு என்று அவளைத் தூண்டுகிறார்.

வேதாகமத்தில் உள்ளம் புதுப்பிக்கப்படும் இடங்களில் இதைவிடத் துல்லியமாகக் காட்டப்பட்ட ஒன்றை நான் படித்ததில்லை. இங்கே மாறியவர் பாதிக்கப்பட்டவர் அல்லர், பார்த்துக்கொண்டிருந்தவர். தன் சொந்தத் துக்கம் அவரை மாற்றவில்லை, பிறர் பிள்ளையின் பசி மாற்றியது. விளக்கம் சொல்லும் வாய் மூடி, அழும் வாய் திறந்தபோது அவர் வேறு ஆளானார். திண்டிவனத்து ஐடாவும் அந்த இரவு வரை தூரத்தில் நின்று பார்த்தவர்தான். இந்த நாட்டின் வழக்கங்களைக் குறைசொல்லிவிட்டுக் கப்பல் ஏற அவருக்குக் காரணம் இருந்தது. அவர் ஏறியிருந்தால் யாரும் தவறு சொல்லியிருக்க மாட்டார்கள். காலையில் கேட்ட சாவு மேளத்துக்கு அவர் காதைப் பொத்திக்கொள்ளவில்லை. ஆளனுப்பி விசாரித்தார். விசாரித்ததுதான் தொடக்கம்.

நூலின் அமைப்பைப் பற்றித் தமிழ் படித்தவன் என்ற முறையில் சிறிது சொல்லவேண்டும். எபிரேய நெடுங்கணக்கில் 22 எழுத்துகள். முதல், இரண்டாம், நான்காம் அதிகாரங்களில் வசனத்துக்கு ஓர் எழுத்தாக வரிசையாகத் தொடங்குகின்றன. மூன்றாம் அதிகாரத்தில் எழுத்துக்கு மூன்று வசனமாக 66. ஐந்தாம் அதிகாரத்திலும் 22 வசனங்கள் உண்டு, ஆனால் எழுத்து வரிசை குலைந்துவிடுகிறது. நாம் ஆத்திசூடியையும் கொன்றைவேந்தனையும் அகரவரிசையில் படித்து வளர்ந்தவர்கள். அறம் சொல்ல அந்த வரிசை வசதியானது என்று அறிவோம். அழுகைக்கு எதற்கு அகரவரிசை? கட்டில்லாத துக்கம் ஆளை விழுங்கிவிடும் என்பதால்தான். முதலெழுத்து முதல் கடையெழுத்து வரை எதையும் விடாமல் சொல்லித் தீர்க்கவும் அது இடம் தருகிறது. வீரமாமுனிவர் மரியன்னையின் துயரத்தைப் பாட எடுத்த வடிவத்தைப் பாருங்கள்: 'அன்னை அழுங்கல் அந்தாதி'. ஒரு பாட்டு முடிந்த இடத்தில் அடுத்தது தொடங்கும். துக்கம் அறாது, சிதறவும் செய்யாது. அவர் காலத்திலேயே இலங்கையில் யாகோமே கொன்சால்வேஸ் என்ற கோவாக் குருவானவர் 'வியாகுலப் பிரசங்கம்' எழுதினார். தபசு காலத்தில் அதை இராகமிட்டு வாசிக்கும் வழக்கம் அங்குள்ள தமிழ்க் கத்தோலிக்கரிடம் தலைமுறை தலைமுறையாக வந்தது.

ஏட்டில் எழுதாத கட்டு ஒன்றும் நம் ஊர்ப் பெண்களிடம் உண்டு. இழவு வீட்டில் வட்டமாக உட்கார்ந்து, தோளோடு தோள் கைகோத்து, ஒருத்தி எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் சேர்ந்து பாடும் ஒப்பாரி. யார் எப்போது உள்ளே வரவேண்டும், எந்த உறவு முறையைச் சொல்லிக் கூப்பிடவேண்டும், எங்கே நிறுத்தி மூக்கைச் சிந்தி மறுபடி எடுக்கவேண்டும் என்பதற்கெல்லாம் அதில் முறை இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன்னால் செஞ்சி சாலையில் ஒரு கிராமத்துக் கிறிஸ்தவ வீட்டுச் சாவுக்குப் போயிருந்தேன். மோட்டார் சைக்கிள் விபத்தில் போன பையன். தெருவை அடைத்துச் சாமியானா, நடுவில் ஃப்ரீசர் பெட்டி, அதன் கண்ணாடிமேல் இரண்டு கைகளையும் பரப்பிக் கன்னத்தை வைத்தபடி அவன் அம்மா. பக்கத்து வீட்டுப் பெரியம்மா தோளைத் தொட்டு, "என்னப் பெத்த ராசா" என்று எடுத்துக்கொடுத்தார். அம்மாவும் வாய் திறந்தார். இரண்டு வரி போயிருக்கும். ஒலிபெருக்கியில் ஒரு குரல், நாம் நம்பிக்கை இல்லாதவர்கள் அல்ல, அழக்கூடாது, பாடுவோம் என்றது. கீபோர்டு தொடங்கியது. கைதட்டிப் பாடும் பாட்டு. அந்த அம்மா தலையைத் தூக்கிச் சுற்றிலும் பார்த்தார். பிறகு பெட்டிமேலேயே கன்னத்தை வைத்துக்கொண்டார். அடக்கம் முடியும்வரை அவரிடமிருந்து ஒரு சத்தம் வரவில்லை. மாதக் கணக்காக அவர் யாரோடும் பேசவில்லை என்று பிறகு சொன்னார்கள்.

அந்தக் குரலுக்கு உரியவர் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் செய்தது தவறு, வேதத்துக்கும் புறம்பானது. நம்பிக்கையற்றவர்கள் துக்கிக்கும் விதமாகத் துக்கிக்கவேண்டாம் என்று பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதினார். துக்கமே கூடாது என்று எழுதவில்லை. லாசருவை எழுப்பப்போகிறோம் என்று அறிந்தே இயேசு அவன் கல்லறைக்குப் போனார், போகிற வழியில் அழுதார். சிலுவையில் அவர் வாயில் வந்தது 22ஆம் சங்கீதத்தின் தொடக்கம். கைவிடப்பட்டவனின் கேள்வி அது. அந்தக் கேள்வியைக் கேட்க ஆண்டவருக்கு உரிமை உண்டு, பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு இல்லை என்று நாம் எங்கே படித்தோம்?

150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு முறையீட்டுச் சங்கீதங்கள். கத்தோலிக்க அன்பர்கள் திருப்பாடல்கள் என்று கொள்ளுங்கள். பெரும்பாலும் அவை ஒரு போக்கில் நகர்பவை. இறைவனைப் பெயர்சொல்லி அழைத்தல், நடந்ததைச் சொல்லுதல், இன்னதைச் செய் என்று கேட்டல், முன்பு செய்ததை நினைத்துப் பற்றிக்கொள்ளுதல், கடைசியில் துதிப்பேன் என்ற பொருத்தனை. 13ஆம் சங்கீதம் ஆறே வசனத்தில் இந்தப் பயணம் முழுவதையும் போய் வருகிறது. 88ஆம் சங்கீதம் வருவதில்லை. இருளில் தொடங்கி இருளிலேயே முடிகிறது. அதையும் யூதர்கள் ஜெபப் புத்தகத்திலிருந்து நீக்கவில்லை. துதிக்கு வந்துசேராத ஜெபமும் ஜெபம்தான் என்பதற்கு அது சாட்சி. வால்டர் புரூக்மன் என்ற அமெரிக்க இறையியலாளர் 1986இல் எழுதிய ஒரு கட்டுரையில், முறையீட்டை இழந்த சபை எதையெல்லாம் இழக்கிறது என்று ஆராய்ந்தார். இறைவனிடம் எதிர்வாதம் செய்யும் இடம் போய்விட்டால் நீதியைப் பற்றிய கேள்வியும் அதோடு போய்விடும், பிறகு மிஞ்சுவது ஆமாம் போடும் பக்தி மட்டுமே என்பது அவர் வாதத்தின் சாரம்.

இறைவனிடம் எதிர்வாதம் என்றால் நம் வட்டாரத்துக்கு அது புதிதா? திருநாவலூரில் பிறந்த சுந்தரரின் திருமணத்தை, முதிய வேதியர் உருவில் வந்த சிவபெருமான் ஓர் ஓலையைக் காட்டித் தடுத்ததும், வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவையில் தீர்ந்ததும் சேக்கிழார் பாடிய கதை. சுந்தரர் அந்த முதியவரைப் பித்தன் என்று ஏசினார். ஏசிய சொல்லையே முதலாக வைத்துப் பாடு என்று இறைவன் கேட்டுக்கொண்டார். பின்னால் கண்பார்வையை இழந்தபோது, அதே சுந்தரர் கோயில் கோயிலாகப் போய் இறைவனோடு சண்டை பிடித்தார். காஞ்சியில் ஒரு கண், திருவாரூரில் மறு கண் வந்ததாக மரபு. பக்தன் தலைவணங்கிக்கொண்டே சட்டையைப் பிடிக்கலாம் என்ற உரிமை, இந்த மாவட்டத்து மண்ணில் பாட்டாக எழுந்தது. தமிழ்க் கிறிஸ்தவர் சங்கீதத்தைப் படிக்கும்போது இந்த நினைவு கூடவே வந்தால் எதுவும் கெட்டுப்போகாது, படிப்பு ஆழப்படும்.

இன்னொரு தடையும் நமக்கு இருக்கிறது. தபசு காலம் வந்தால் நாம் எடுப்பது பாவ அறிக்கைச் சங்கீதங்கள் மட்டும். 51ஆம் சங்கீதம் இல்லாத சாம்பல் புதன் இல்லை. அது வேண்டியதுதான். ஆனால் நான் செய்த பாவத்துக்காக அழுவதும், எனக்கு இழைக்கப்பட்ட அநீதிக்காக அழுவதும் ஒன்றல்ல. 44ஆம் சங்கீதம் பாடிய மக்கள், நாங்கள் உம்மை மறக்கவில்லை, பிறகு ஏன் இது என்று நேருக்கு நேர் கேட்கிறார்கள். அடிபட்டவனிடம் போய் உன் பாவத்தை அறிக்கையிடு என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால், அடித்தவன் பின்வரிசையில் நிம்மதியாக உட்கார்ந்திருப்பான்.

இதைச் சொல்லும்போது நம் மாவட்டத்தின் பெயரைச் சொல்லாமல் போகமுடியாது. 1978 ஜூலையில் விழுப்புரம் நகரத்தில் 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். 2008 மார்ச்சில், அன்று விழுப்புரம் மாவட்டத்திலிருந்த எறையூரில், ஒரே ஜெபமாலை மாதாவை வணங்கும் கத்தோலிக்கரிடையே சாதி மோதல் வெடித்தது. இருக்கையும் கல்லறையும் தனித்தனியாக இருந்த ஊர் அது; தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டிருந்தார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் வன்னியக் கிறிஸ்தவர் இருவர் இறந்தார்கள். இரண்டு தரப்பிலும் அழுதார்கள். சேர்ந்து அழ ஓர் இடம் இருந்ததா? செத்தவர்களைக்கூடத் தனித்தனியே புதைக்கும் சபை எந்தக் காலத்தில் உயிர்மீட்சிக் கூட்டம் நடத்தினாலும் அங்கே மீள்வது எது?

அண்மையில் நடந்ததையும் எண்ணிப் பாருங்கள். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது, இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. மழை பதிவானது. அடுத்து சாத்தனூர் அணையிலிருந்து வந்த வெள்ளம் தென்பெண்ணைக் கரை ஊர்களுக்குள் புகுந்தது. தண்ணீர் வடிந்த பிறகு சபைகளில் நடந்தவை ஸ்தோத்திரக் கூட்டங்கள். எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை, ஸ்தோத்திரம் என்று ஒருவர் சாட்சி சொல்லும்போது, வீட்டுக்குள் தண்ணீர் வந்தவர் எந்த ஜெபத்தைச் சொல்வார்? அவருக்கான ஜெபம் புலம்பல் ஐந்தாம் அதிகாரத்தில் எழுதியே இருக்கிறது. நம்முடைய நிலம் அந்நியர் கையில், குடிக்கும் தண்ணீருக்குக் காசு, அடுப்பு விறகுக்கும் விலை, பெண்களுக்கு நேர்ந்த கொடுமை, சுமை தூக்கித் தடுமாறும் சிறுவர்கள், ஊர்ப் பொது இடத்தில் உட்காரப் பெரியவர்கள் இல்லாமை என்று ஒவ்வொன்றாக இறைவன் முன் வைக்கிறது அந்த அதிகாரம். தாசில்தாரிடம் கொடுக்கும் மனுவைப்போல விவரம் விவரமாக இருக்கிறது. தனி ஒருவர் அழுத நூல், அங்கே 'நாங்கள்' என்று பேசுகிறது.

அந்த அதிகாரத்தின் கடைசிக்கு முந்திய வசனத்தில்தான் புதுப்பித்தல் என்ற கோரிக்கை வருகிறது. எங்களை உம்மிடம் திருப்பும், எங்கள் நாட்களை மறுபடி புதிதாக்கும் என்ற கருத்தில் அமைந்த வேண்டுதல் அது. 154 வசனங்களில் அது 153ஆவது. அதற்கு முந்திய 152 வசனங்களையும் சொல்லி முடித்தவர்கள்தான் அதைக் கேட்கிறார்கள். தங்களால் திரும்பமுடியாது, திருப்பப்படவேண்டும் என்ற அறிவு அவ்வளவு அழுகைக்குப் பிறகே வாய்க்கிறது. 154ஆவது வசனமோ, ஒருவேளை எங்களை முற்றிலும் வெறுத்துவிட்டீரோ என்ற அச்சத்தில் நின்றுவிடுகிறது. நூல் முழுவதிலும் இறைவன் பதில் பேசுவதில்லை. ஆலயம் இடிந்ததை நினைத்து யூதர்கள் நோன்பிருக்கும் ஆப் மாதம் 9ஆம் நாளில் இந்த நூலை வாசிக்கும்போது, கடைசி வசனத்தோடு முடிக்க மனமில்லாமல் 153ஆவது வசனத்தை மறுபடி சேர்ந்து சொல்லி முடிப்பார்கள். கடைசி வசனத்தை அவர்கள் விட்டுவிடுவதில்லை என்பதைக் கவனியுங்கள். அதையும் படித்துவிட்டுத்தான் வேண்டுதலுக்குத் திரும்புகிறார்கள்.

முறையீடு ஆறுதல் தரும் என்று நான் சொல்லவரவில்லை. ஐடா ஸ்கடரின் வாழ்க்கையில் அது தந்தது ஒரு திசை. அந்த இரவுக்குப் பிறகு ஆண்டுகள் ஓடின. பிலடெல்பியாவில் பெண்களுக்கான மருத்துவக் கல்லூரியிலும், பிறகு கார்னெல்லிலும் படித்து 1899இல் பட்டம் பெற்றார். 1900இல் வேலூர் வந்தார். அதே ஆண்டு, கூட இருந்து கற்றுத்தருவார் என்று நம்பியிருந்த தந்தை இறந்துபோனார். வீட்டிலேயே ஓர் அறையில் ஒற்றைக் கட்டிலோடு வைத்தியம் தொடங்கியது. 1902இல் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை. 1909இல் செவிலியர் பயிற்சி. பெண்களை மருத்துவர்களாக்கும் பள்ளி தொடங்க 1918 ஆயிற்று. அந்தப் பள்ளிதான் அந்த இரவுக்கு நேரான பதில் என்று நான் நினைக்கிறேன். பெண் ஒருத்தி இருந்திருந்தால் அந்த மூவரும் பிழைத்திருக்கலாம் என்ற வேதனை, ஒரு பெண்ணோடு நிற்காமல், இந்த நாட்டுப் பெண்களையே அந்த இடத்தில் நிறுத்தியது. கால் நூற்றாண்டுக்கும் மேல் அந்த வேதனை அவரிடம் ஆறாமல் இருந்திருக்கவேண்டும். சீக்கிரம் ஆறுதல் பெற்றிருந்தால் அவர் நல்ல அம்மையாராக இருந்திருப்பார், வேலூர் இருந்திருக்காது.

அந்த மூன்று பெண்களைப் போன்றவர்களின் வரிசை இன்னும் முடிந்துவிடவில்லை. தாய் இறப்பைக் குறைப்பதில் தமிழ்நாடு நாட்டின் முன்வரிசையில் இருக்கிறது. அப்படியும் 2018-20 கணக்கின்படி இங்கே ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புக்கு 54 தாய்மார் இறந்தார்கள். இந்திய அளவில் 97. ஒவ்வொருவரும் ஒரு வீட்டின் பெண். நம் சபைகளின் பிள்ளைப்பேற்று ஸ்தோத்திர ஜெபத்தில் அவர்களுக்கு ஒரு வரி இல்லை.

ஆகவே ஆயர்களிடமும் அருட்தந்தையரிடமும் ஒரு வேண்டுகோளோடு முடித்துக்கொள்கிறேன். வரும் தபசு காலத்தில் ஐந்து வெள்ளிக்கிழமைகளை எடுத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு ஓர் அதிகாரமாகப் புலம்பல் நூலை முழுவதும் வாய்விட்டு வாசியுங்கள். மூன்றாம் வாரம் 23ஆம் வசனத்தில் நிறுத்திப் பாட்டுக்குப் போய்விடாதீர்கள். 66 வரை போங்கள். வாசிப்பதற்குக் குரல் நன்றாக இருப்பவர்களைத் தேடவேண்டாம். சமீபத்தில் துக்கம் கண்டவர்களைக் கேட்டு, அவர்கள் இசைந்தால் அவர்களிடம் கொடுங்கள். ஐந்தாம் வாரம் பிரசங்கம் வேண்டாம். அதற்கான நேரத்தில் ஊரில் பிரசவத்திலும், விபத்திலும், சாராயத்திலும், சாதிச் சண்டையிலும் இறந்தவர்களின் பெயர்களைச் சொல்லி ஜெபியுங்கள். எந்தத் தெரு, எந்தச் சாதி, எந்த மதம் என்று பார்க்காதீர்கள். திண்டிவனத்துச் சபைகள் பெயர் தெரியாத அந்த மூன்று பெண்களிலிருந்து தொடங்கலாம். பட்டியலில் யாரை விட்டுவிட்டோம் என்பது கமிட்டிக்குத் தெரியாது. வாசிப்புக்கு முந்திய நாளே ஊர்ப் பெண்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேளுங்கள்.